ஆர்வமே இல்லாத பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இது: படிப்பில் பிடிப்பு விட்டுப்போன, அல்லது ஏற்கெனவே நின்றுவிட்ட 15 முதல் 20 வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறீர்கள். "எதைச் சொன்னாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். இவர்களைப் படிப்பில் நிறுத்திவைக்கப் பார்ப்பதா, வேலைக்கு அனுப்பப் பார்ப்பதா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல காலமாக இதே வேலையில் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், ஆர்வத்திலிருந்து தொடங்காதீர்கள். ஊக்கப் பேச்சு, சாதித்தவர்களை மேடையேற்றுவது, 'உன் கனவு என்ன?' என்று கேட்கும் படிவம் எல்லாம் ஏற்கெனவே கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் உதவும். விலகிப்போன பிள்ளைக்கு அந்தக் கேள்வியே இன்னொரு பரீட்சை. பதில் தெரியாத பரீட்சைகளை அவன் நிறைய எழுதிவிட்டான், அதனால்தான் தோளைக் குலுக்குகிறான். நான் பார்த்தவரையில் ஆர்வம் கடைசியாகத்தான் வரும். முதலில் வர வேண்டியது ஓர் ஆள். விடாமல் விசாரிக்கிற, காணவில்லை என்றால் தேடுகிற, திட்டாமல் காரணம் கேட்கிற ஒருவர். அவருக்காக ஒரு சின்ன காரியத்தைச் செய்து பார்க்கிறான். அது நல்லபடி முடிகிறது. அடுத்து இன்னொன்று. 'எனக்கு இது வரும்போல' என்ற எண்ணம் அதற்கப்புறம்தான் முளைக்கிறது.

இது ஏதோ சில வீடுகளின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில், 2023இல் உலகின் 15 முதல் 24 வயதுக்காரர்களில் 20.4 சதவீதம் பேர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. ஐந்தில் ஒருவர். அவர்களில் மூன்றில் இருவர் பெண்கள். அந்தப் பெண்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் தெருமுனையில் நிற்கும் பையன்களை மட்டும் மனதில் வைத்துத்தான் தீட்டப்படுகின்றன.

படிப்பை விடுவது ஒரே நாளில் எடுக்கிற முடிவு இல்லை. பெற்றோரைக் கேட்டால் 'திடீரென்று போகமாட்டேன் என்றுவிட்டான்' என்பார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஓராண்டு, ஈராண்டு முன்பே அது தெரியும். திங்கட்கிழமைகள் விடுபடும். அப்புறம் ஒரு குறிப்பிட்ட பாடவேளை. அப்புறம் ஒரு வாரம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ராபர்ட் பால்ஃபான்சும் அவருடைய சகாக்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னதும் இதையேதான்: வருகை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது, கணக்கில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி, நடத்தையில் மோசமான மதிப்பெண். இந்த நான்கில் ஒன்று இருந்தாலே அந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு என்பதைக் கவனியுங்கள். 11, 12 வயது.

சிகாகோவில் இதையே ஒரு நடைமுறையாக்கினார்கள். உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான ஒன்பதாம் வகுப்பில், அடுத்த வகுப்புக்குப் போகத் தேவையான பாடங்களைத் தேறி, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லை என்றால் அந்த மாணவர் 'தடத்தில் இருக்கிறார்' என்று வகுத்துக்கொண்டார்கள். தடத்தில் இருப்பவர் நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு மற்றவரைப் போல மூன்றரை மடங்கு என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. அதன்பிறகு பள்ளிகள் அந்த ஒரு வகுப்பின் மீது கண்ணை வைத்தன. தடத்தில் இருந்தவர்களின் அளவு 2007இல் 57 சதவீதமாக இருந்தது, 2013இல் 82 சதவீதமாக ஏறியது. இதற்காகப் பாடத்திட்டத்தைப் புரட்டிப்போடவில்லை. யார் நழுவுகிறார் என்ற பட்டியல் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆசிரியர்கள் மேசைக்கு வந்தது. 'இவனுக்கு யார் பொறுப்பு?' என்று ஒரு பெயரை எழுதிக்கொண்டார்கள். பெரும்பகுதி அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது. நான்கு வாரங்களுக்குள் 16 மணி நேர வகுப்புகளைக் காரணமில்லாமல் தவறவிட்டால் பள்ளி அதைக் கட்டாயம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். உள்ளாட்சியின் வருகை அலுவலர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார். அடிப்படைத் தகுதிச் சான்று இல்லாதவர்கள் 18 வயது வரை படிப்பில் இருந்தாக வேண்டும் என்பது 2007இல் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 70,000 பேருக்கு மேல் இடைநின்ற அந்த நாட்டில், 2010களின் நடுவில் அது 25,000க்கும் கீழே இறங்கியது. சட்டம் மட்டும் இதைச் செய்யவில்லை. பள்ளி, உள்ளாட்சி, தொழிற்கல்லூரி மூன்றும் ஒரே பட்டியலைப் பார்த்ததுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆகவே உங்கள் முதல் வேலை, பள்ளியோடு பேசி வருகைப் பதிவு வாரம் ஒருமுறை உங்கள் கைக்கு வரும்படி செய்துகொள்வது. மாதக் கடைசியில் வரும் சதவீதம் போதாது. யார், எந்தக் கிழமை, எந்த வகுப்பு என்று வேண்டும். கிழமையிலேயே பாதிக் கதை இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் காணாமல் போகும் பையனுக்கும் உடற்பயிற்சி வகுப்பு நாளில் மட்டும் வராத பெண்ணுக்கும் காரணம் ஒன்றாக இருக்காது.

பட்டியல் வந்த பிறகு என்ன செய்வது? இங்கேதான் அந்த ஓர் ஆள் தேவைப்படுகிறார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய 'செக் அண்ட் கனெக்ட்' என்ற முறை இந்த ஒரே எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி. அவர் வருகை, மதிப்பெண், நடத்தை மூன்றையும் தொடர்ந்து பார்ப்பார், வாராவாரம் பேசுவார், வீட்டோடு தொடர்பில் இருப்பார். குறைந்தது இரண்டு ஆண்டு கூடவே இருப்பதாக ஒப்புக்கொள்வார். பிள்ளை பள்ளி மாறினாலும் வழிகாட்டி மாறமாட்டார். இந்த இரண்டு ஆண்டைத்தான் நிதி தருபவர்கள் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் பாதியில் கைவிட்டுப் போன பெரியவர்களை நிறையப் பார்த்தவர்கள். மூன்று மாதத்தில் கிளம்பிவிடும் வழிகாட்டி அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் ஆவார், அவ்வளவுதான்.

அந்த வேலை அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர், மூன்று நாள் வராத ஒரு பையனை அழைத்துப் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"தம்பி, மூணு நாளா காணோமே. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சரி. நாளைக்கு வர்றதுல என்ன கஷ்டம் இருக்கு, அத மட்டும் சொல்லு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "உள்ள போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கக்கா. சார் எழுப்பி நிக்க வெச்சு ஏன் வரலன்னு கேப்பாரு."

"அவ்வளவுதானே? நான் சார்கிட்ட இப்பவே பேசுறேன். நாளைக்கு நீ முதல்ல என்கிட்ட வா. சேர்ந்தே வகுப்புக்குப் போவோம். யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

மறுநாள் வந்தான். அவன் முதல் நாள் வராததற்குக் காரணம் வேறு ஏதோ. இரண்டாவது, மூன்றாவது நாள் வராததற்குக் காரணம் முதல் நாள் வராததுதான். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். விடுப்பு எடுப்பது எளிது, திரும்பி உள்ளே நுழைவதுதான் கஷ்டம். வகுப்பு எங்கேயோ போயிருக்கும், நண்பர்கள் வேறு ஜோடி சேர்ந்திருப்பார்கள், ஆசிரியர் எல்லார் முன்னாலும் விசாரிப்பார். ஒரு பிள்ளை திரும்பி வரும் முதல் நாளை எப்படி நடத்துவது என்று எல்லா ஆசிரியர்களோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். 'வந்துட்டியா, நல்லது, உட்காரு' என்பதற்கு மேல் அன்று எதுவும் வேண்டாம். காரணத்தைத் தனியாக, மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, 'சோம்பேறி', 'திமிர்', 'அலட்சியம்' என்று கோப்பில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்தச் சொற்களுக்குக் கீழே பெரும்பாலும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்கும். அதில் அதிகம் கண்ணில் படாமல் போவது வாசிப்பு. 17 வயதுப் பையன் ஒருவனிடம் பதிவுப் படிவத்தைக் கொடுத்தோம். வாங்கினான், திருப்பிப் பார்த்தான், மறுபடி முன்பக்கம் திருப்பினான். பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், மாட்டினான். "வீட்டுல வெச்சு எழுதிட்டு வர்றேன்" என்றான். அப்படிப் போகிற படிவம் திரும்பி வராது, பையனும் வரமாட்டான். நாங்கள் இப்போது யாரிடமும் முதல் நாள் படிவம் கொடுப்பதில்லை. பேசிக்கொண்டே நாங்களே எழுதிக்கொள்கிறோம். வாசிப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதை இரண்டாவது மூன்றாவது சந்திப்பில் தனியாக, வெட்கப்படவிடாமல் பார்க்கிறோம். பத்து ஆண்டு பள்ளியில் உட்கார்ந்தும் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியாதவன், பாடவேளை முழுக்கத் தன்னை யாரும் எழுப்பிவிடக் கூடாதே என்ற பயத்திலேயே இருந்திருப்பான். வகுப்பில் அவன் செய்த கலாட்டாவுக்குக்கூட அதுதான் காரணமாக இருக்கலாம். வெளியே அனுப்பிவிட்டால் வாசிக்க வேண்டாம் அல்லவா?

அவனுக்குச் சின்னப் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமத் தேர்வின் கேள்விகள், வேலை விளம்பரம், ஏதோ ஓர் இயந்திரத்தின் கையேடு என்று, வாசித்தால் அவனுக்கு உடனே பயன்படுகிற எதையாவது கொடுங்கள். வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் முறையான பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்பார்வையையும் காதையும் சோதித்துவிடுங்கள். இவ்வளவு காலம் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பணமும் பெரிய காரணம். பேருந்துக் கட்டணம், சீருடை, தேர்வுக் கட்டணம், வீட்டுக்கு வரவேண்டிய வருமானம். இங்கிலாந்தில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் 16 வயதுக்கு மேல் படிப்பைத் தொடர்ந்தால் வாரம் 10, 20 அல்லது 30 பவுண்டு அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். வகுப்புக்கு ஒழுங்காக வந்தால்தான் பணம். 1999இல் சில பகுதிகளில் சோதித்து, 2004இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். சோதனைப் பகுதிகளில் முதல் ஆண்டில் படிப்பைத் தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ நாலரை சதவீதப் புள்ளி கூடினார்கள். 'எப்படியும் படித்திருக்கப் போகிறவர்களுக்கே பெரும்பகுதிப் பணம் போகிறது' என்ற வாதத்தில் 2011இல் இங்கிலாந்தில் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. நாலரை புள்ளி என்பது நூறு பிள்ளைகளில் நாலைந்து பேரின் வாழ்க்கை. உங்களால் உதவித்தொகை தர முடியாமல் போகலாம். ஆனால் பயணச் செலவை அன்றன்றே, ரசீது கேட்டு அலைக்கழிக்காமல் கொடுக்க முடிந்தால் அதுவே பலரை உள்ளே நிறுத்தும்.

கோபத்தால் வெளியேற்றப்படும் பையன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டம் இருக்கிறது. அதில் முதல் நாள் விளையாட்டு ஒன்று. பையன்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் "30 நொடியில் அதை வாங்கு" என்கிறார்கள். உடனே பிடுங்கல், முறுக்கல், தள்ளுமுள்ளு. நேரம் முடிந்ததும் நடத்துபவர் கேட்கிறார்: "யாராவது 'அந்தப் பந்தைக் கொடேன்' என்று கேட்டீர்களா?" ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பந்து வைத்திருந்தவனிடம், "கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்றால், "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான். கோபம் தப்பு என்று அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை. தெருவில் தேவைப்படும் வேகம் எல்லா இடத்திலும் தேவையா என்று ஒரு நொடி யோசிக்கப் பழக்குகிறார்கள். சீட்டுக் குலுக்கல் முறையில் பையன்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. பள்ளியை முடித்தவர்களும் கூடினார்கள்.

சரி, படிப்பா வேலையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்னும் பள்ளியோடு ஒரு நூலிழைத் தொடர்பு இருந்தால் அதை அறுக்கவிடாதீர்கள். இருக்கும் இடத்தில் நிறுத்திவைப்பது, வெளியே போனவரைத் திரும்பக் கொண்டுவருவதைவிடப் பல மடங்கு எளிது. செலவும் குறைவு. ஆனால் நின்று ஓராண்டு ஆகிவிட்ட பிள்ளையை அதே கட்டிடத்தில், தன்னைவிட இரண்டு வயது சின்னவர்களோடு, அதே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். இரண்டாவது முறை தோற்பதற்குத்தான் அது வழி. அவர்களுக்கு வேறு வாசல் வேண்டும். அயர்லாந்தில் 1989 முதல் இருக்கும் 'யூத்ரீச்' அப்படி ஒன்று: சின்ன மையங்கள், சின்னக் குழுக்கள், படிப்போடு கைத்தொழில், வருபவர்களுக்கு உதவித்தொகை. டென்மார்க்கில் 2019இல் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகச் சிதறிக் கிடந்த பல பயிற்சிகளை ஒன்றாக்கி ஒரு ஆயத்தப் பள்ளியை உருவாக்கினார்கள். அதன் ஒரு பிரிவில் பிள்ளைகள் விற்பனைக்கான பொருள்களையே செய்கிறார்கள். அவன் செய்த மேசையை யாரோ காசு கொடுத்து வாங்கிப் போகும்போது, கணக்கு எதற்கு என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

வேலைக்குப் போகத் துடிக்கும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். எந்த வேலை என்பதுதான் கேள்வி. சான்றிதழும் கற்றலும் சேர்ந்த வேலை கிடைத்தால் அதுவே படிப்பு. ஜெர்மனியின் இரட்டை முறையில் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் என்று இரண்டு முதல் மூன்றரை ஆண்டு பயிற்சி, அதற்குச் சம்பளமும் உண்டு. பலரும் இதைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயும் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை நிறுவனங்கள் எடுக்கத் தயங்குகின்றன. அதனால்தான் 2004 முதல், முழுப் பயிற்சிக்கு முன்னால் ஓராண்டு வரை நிறுவனத்திலேயே பழகும் முன்பயிற்சி ஒன்றையும், பயிற்சியின்போது பாடம் சொல்லிக்கொடுக்கத் தனி ஆளையும் அரசு செலவில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஏணி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் படி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

'முதலில் தயார் செய்வோம், அப்புறம் வேலைக்கு அனுப்புவோம்' என்பதில் எனக்கு வரவரச் சந்தேகம்தான். தன்விவரம் எழுதும் வகுப்பு, நேர்காணல் ஒத்திகை, ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்துவிட்டு, உண்மையான வேலையிடத்தில் காலே வைக்காத பிள்ளைகள் ஏராளம். மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் உருவான ஒரு முறை இதைத் தலைகீழாக்கியது: விருப்பம் சொன்னால் உடனே சாதாரணச் சம்பள வேலை ஒன்றைத் தேடிக் கொடு, வேலையில் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து தாங்கு. நார்வேயில் இந்த முறையைச் சமூகத்தில் பின்தங்கிப்போகும் நிலையிலிருந்த இளைஞர்களிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் இந்த முறையில் இருந்தவர்களில் 48 சதவீதம் பேர் சாதாரண வேலைச் சந்தையில் வேலை பார்த்திருந்தார்கள். வழக்கமான பயிற்சி முறையில் இருந்தவர்களில் 8 சதவீதம். நூறு பேருக்கும் குறைவானவர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நான் நேரில் பார்ப்பதும் இதுவே.

வேலையிடத்தில் என்ன நடக்கும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். 'நல்ல பையன் சார், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சுவது வேண்டாம். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் வராமல் போகலாம், அன்று அவனை நீக்காமல் எனக்கு அழையுங்கள், அரை மணியில் திரும்ப அழைக்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி அழையுங்கள். சிறு நிறுவன முதலாளிகளுக்கு உங்கள் திட்டத்தின் குறிக்கோள்கள் வேண்டாம். பிரச்சினை வந்தால் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண் போதும். வேலை போவதும் திறமைக் குறைவால் அவ்வளவாக நடப்பதில்லை. தாமதம், சொல்லாமல் விடுப்பு, மேலாளர் கத்தியதும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவது இவற்றால்தான் போகிறது. முதல் நாளுக்கு முன்னால் அந்த இடம் வரை ஒருமுறை கூடவே போய்வாருங்கள். எந்தப் பேருந்து, எந்தக் கதவு, யாரைப் பார்க்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருவது. கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் அதற்குப் பயந்தே இரண்டாம் நாள் வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பாஸ்டனில் 2000இல் தொடங்கிய 'இயர் அப்' ஆறு மாதப் பயிற்சி, ஆறு மாதம் நிறுவனத்தில் வேலைப் பழகுதல் என்று ஓராண்டுத் திட்டம். சேரும்போதே ஓர் ஒப்பந்தமும் ஒரு தொகுப்புப் புள்ளிகளும் உண்டு. தாமதமாக வந்தால், வீட்டுப்பாடம் தராவிட்டால் புள்ளி குறையும், அந்த வாரத்து உதவித்தொகையும் குறையும். புள்ளி தீர்ந்தால் தானாக வெளியேறியதாகப் பொருள். விதி எல்லாருக்கும் ஒன்று, கணக்கு எல்லாருக்கும் தெரியும், யாருடைய மனநிலையையும் பொறுத்ததில்லை. அதோடு ஒவ்வொருவருக்கும் வழிகாட்டியும் உண்டு. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் இவர்களின் வருமானம் ஒப்பீட்டுக் குழுவைவிடத் தெளிவாக உயர்ந்தே இருந்தது. இந்தப் பிள்ளைகள் கண்டிப்பை வெறுப்பதில்லை. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் கண்டிப்பைத்தான் வெறுக்கிறார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இயர் அப்' தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் திட்டம். மிகவும் நொந்துபோன பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

இடைவெளிகள் இன்னொரு பெரிய ஓட்டை. பிள்ளைகள் வகுப்பு நடுவில் தொலைவதைவிட இரண்டு இடங்களுக்கு நடுவில் அதிகம் தொலைகிறார்கள். பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும் வரையிலான கோடை, ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இரண்டு மாதம். அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைத்து, போவதாகவும் சொன்ன மாணவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேர் வரை அந்தக் கோடையிலேயே காணாமல் போகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பள்ளி 'முடித்துவிட்டார்' என்று கணக்கை மூடிவிடும், கல்லூரிக்கு இன்னும் அவர் யாரென்றே தெரியாது. கட்டணக் கடைசித் தேதி, மருத்துவச் சான்று, விடுதிப் படிவம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறுஞ்செய்தி, தேவைப்பட்டால் ஓர் அழைப்பு. இதனாலேயே கணிசமானவர்கள் போய்ச் சேர்கிறார்கள். உங்கள் ஊழியர்களின் விடுமுறையைக் கோடையில் மொத்தமாக வைக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் ஏற்ற இளைஞர் உத்தரவாதம் இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. படிப்போ வேலையோ நின்ற நான்கு மாதத்துக்குள் தகுந்த வேலை, மேற்படிப்பு, தொழிற்பயிற்சி இவற்றில் ஒன்றுக்கு அழைப்பு வர வேண்டும். 2020இல் வயது வரம்பை 30க்கு உட்பட்டவர்கள் வரை நீட்டினார்கள். நாட்டுக்கு நாடு நிறைவேற்றம் வேறுபட்டாலும் 'நான்கு மாதம்' என்று எண்ணைப் போட்டது சரியான காரியம். பிரிட்டனில் 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இளம் வயதில் நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவர்களின் சம்பளம் 42 வயதிலும் 13 முதல் 21 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாவது முறை அப்படி நேராமல் தப்பியவர்களுக்கு அந்தக் குறை 9 முதல் 11 சதவீதமாகச் சுருங்கியது. ஆகவே ஏற்கெனவே ஓராண்டை இழந்துவிட்ட பிள்ளையைப் பற்றி 'இனி என்ன செய்து என்ன' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த இடைவெளியைத் தடுத்தாலே இழப்பில் கணிசமான பங்கு மீளும்.

இப்போது பெண்கள். வேலையிலும் படிப்பிலும் இல்லாத பெண்களில் பலர் நாள் முழுக்க வேலைதான் செய்கிறார்கள். தம்பி தங்கையை, தாத்தா பாட்டியை, சொந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம், அவர்களுக்கு வேண்டியது நேரம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், காலை 11 மணிக்குத் தொடங்கும் வகுப்பு, பாதியில் விட்டால் அதே இடத்திலிருந்து தொடரக்கூடிய பாடம், இருட்டுவதற்கு முன் வீடு சேரும் பயணம். இங்கிலாந்தில் 20 வயதுக்கு உட்பட்ட பெற்றோர் படிக்கும்போது குழந்தைப் பராமரிப்புச் செலவை அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. மற்ற நாடுகளில் அது ஏன் இவ்வளவு அரிது என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பெண் படிக்க வருவதற்கு வீட்டில் யார் சம்மதம் தேவையோ அவரோடு நீங்கள் நேரில் பேச வேண்டியிருக்கும். மாமியாராக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். அந்தப் பெண் முன்னிலையில், அவள் எந்த அளவு சொல்ல அனுமதிக்கிறாளோ அந்த அளவு மட்டும் பேசுங்கள்.

அறையை விட்டே வெளியே வராதவர்களுக்கு வேறு வேகம். ஜப்பான் இதை நீண்ட காலமாகச் சந்தித்து வருகிறது. அங்கே 2006 முதல் இயங்கும் இளைஞர் ஆதரவு நிலையங்கள் பெற்றோரோடும் பேசுகின்றன, ஏனென்றால் முதலில் உதவி கேட்டு வருவது பெரும்பாலும் அம்மாதான். அப்படி வரும் பெற்றோரிடம் நான் சொல்வது: வேலையைப் பற்றி இப்போதைக்குப் பேசாதீர்கள், ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடப் பாருங்கள், கதவைத் தட்டி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுங்கள், அறிவுரை வேண்டாம். தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற அறிகுறி தெரிந்தால் காத்திருக்கவே கூடாது, அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி மாதக்கணக்கில் ஆகும். வாரம் ஒரு செய்தி அனுப்புங்கள், பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். ஃபின்லாந்தில் படிப்பை நிறுத்தும் இளைஞரின் தொடர்பு விவரத்தைப் பள்ளி உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அங்கிருக்கும் இளைஞர் பணியாளர் தாமே தேடிப் போவார். உதவி வேண்டாம் என்று மறுக்கும் உரிமை இளைஞருக்கு உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து வருபவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்பு, வர முடிந்தவர்களை மட்டுமே பார்க்கும்.

கடைசியாக உங்கள் நிதி அறிக்கை. 'இத்தனை பேரை மூன்று மாதத்தில் வேலையில் சேர்த்தால் இவ்வளவு பணம்' என்று ஒப்பந்தம் இருந்தால், நல்ல மனம் கொண்ட ஊழியர்களும் மெல்ல மெல்ல எளிதான பிள்ளைகளைத்தான் எடுக்கத் தொடங்குவார்கள். படிவத்தை வீட்டில் எழுதி வருகிறேன் என்று போனவனை யாரும் தேடமாட்டார்கள். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒன்று, சேரும்போது யார் எவ்வளவு தொலைவில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆறு மாதம் வீட்டுக்குள் இருந்தவன் வாரம் இரண்டு நாள் வரத் தொடங்குவதும் பதிவாக வேண்டும். இரண்டு, வேலையில் சேர்ந்த நாளோடு கணக்கு முடியக் கூடாது; ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் எங்கே இருக்கிறார் என்று பார்க்க நேரமும் சம்பளமும் ஒதுக்க வேண்டும். மூன்று, ஒரு வழிகாட்டிக்கு இத்தனை பிள்ளைகளுக்கு மேல் இல்லை என்ற வரம்பு. நான் முழுநேர ஊழியருக்கு 25க்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. மிகவும் நொந்துபோனவர்கள் என்றால் 15. 60 பேரைக் கொடுத்தால் அவர் செய்வது பதிவேட்டு வேலைதான், வியாழக்கிழமை வராத பையனை வெள்ளிக்கிழமை காலை அழைக்க அவருக்கு நேரம் இருக்காது.